ரத்த அட்டையில் இல்லாத எழுத்துகள்

புது தில்லி: 2024-ஆம் ஆண்டில் தலைநகர் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு ஜப்பானிலிருந்து ரத்தம் தருவிக்கப்பட்டது. அதைப் பெற வேண்டியவர் அப்போது பிறந்திருக்கவே இல்லை. அண்டை மாநிலத்திலிருந்து சிகிச்சைக்கு வந்திருந்த ஒரு கர்ப்பிணியின் வயிற்றில் இருந்த சிசு, தாயின் உடலில் உருவான எதிர்ப்பொருள்களால் தன் சிவப்பணுக்களை இழந்துகொண்டிருந்தது. அந்தத் தாய் ஏற்கெனவே பல கருக்களை இவ்வாறு பறிகொடுத்தவர். பொருத்தமான ரத்தம் உள்நாட்டில் கிடைக்காத நிலையில் ஜப்பானியச் செஞ்சிலுவைச் சங்கம் அதை அளித்தது. கருப்பைக்குள்ளேயே சிசுவுக்குப் பலமுறை ரத்தம் செலுத்தப்பட்டு, குழந்தை உயிருடன் பிறந்தது.

மருத்துவச் சாதனை என்ற அளவில் நாளேடுகள் இதை வெளியிட்டன. ஆனால் அந்நிகழ்வில் கவனிக்கப்படாத ஓர் அம்சம் உண்டு. அந்தப் பெண்ணின் உடலில் இருந்தது 'ஆர்.எச்.17' என்ற அடையாளத்துக்கு எதிரான எதிர்ப்பொருள். இதனை உருவாக்கக்கூடியவர்களின் ரத்தத்தை வழக்கமான முறையில் சோதித்தால் 'பாசிடிவ்' என்றே முடிவு வரும். பள்ளி அடையாள அட்டையிலும் ஓட்டுநர் உரிமத்திலும் நாம் எழுதிக்கொள்ளும் அந்தக் கூட்டல் குறி, இவர்களைப் பொறுத்தவரை எந்த எச்சரிக்கையையும் தருவதில்லை.

ரீசஸ் காரணி என்றால் 'பாசிடிவ்', 'நெகட்டிவ்' என்ற இரண்டே வகை என்பது பொதுவான எண்ணம். உண்மையில் ரீசஸ் தொகுதியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட அடையாளங்கள் கண்டறியப்பட்டுள்ளன. சிவப்பணுவின் மேற்பரப்பில் உள்ள இவற்றை மருத்துவர்கள் ஆன்டிஜென் என்பர். இவற்றில் ஐந்து முதன்மையானவை: டி, பெரிய சி, சிறிய சி, பெரிய இ, சிறிய இ. நமது அட்டைகளில் இடம் பெறுவது டி மட்டுமே. அது இருந்தால் பாசிடிவ், இல்லையேல் நெகட்டிவ். எஞ்சிய நான்கு எழுத்துகளை இந்திய ரத்த மையங்களில் பெரும்பாலானவை வழக்கமாகச் சோதிப்பதில்லை. ஒரே ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொள்ளும் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இதனால் தீங்கு நேர்வதில்லை. வாழ்நாள் முழுவதும் பிறர் ரத்தத்தால் வாழ வேண்டிய குழந்தைகளின் நிலைமை வேறு.

குரங்கின் பெயர்

இந்தப் பெயருக்கும் தில்லிக்கும் ஒரு வேடிக்கையான உறவு உண்டு. ரைசினா குன்றின் அரசுக் கட்டடங்களில் சுற்றித் திரிந்து கோப்புகளையும் மதிய உணவையும் பறித்துச் செல்லும் செம்முகக் குரங்குகள்தாம் 'ரீசஸ்' குரங்குகள். 1978-இல் ஏற்றுமதிக்குத் தடை விதிக்கப்படும் வரை இந்தியாவிலிருந்து உலகின் ஆய்வகங்களுக்கு அவை பெருமளவில் அனுப்பப்பட்டு வந்தன. 1940-இல் நியூயார்க்கில் கார்ல் லாண்ட்ஸ்டைனரும் அலெக்சாண்டர் வீனரும் இந்தக் குரங்கின் ரத்தத்தைக் கொண்டு நடத்திய சோதனைகளின் வழியே மனித ரத்தத்தின் புதிய அடையாளம் ஒன்றை அறிவித்தனர். குரங்கின் ரத்தத்தால் உருவான எதிர்ப்பொருள் மனிதரின் டி எதிர்ப்பொருளிலிருந்து வேறுபட்டது எனப் பிற்காலத்தில் தெரிய வந்தது. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது.

அதற்கு முந்தைய ஆண்டான 1939-இல் பிலிப் லெவின், ரூஃபஸ் ஸ்டெட்சன் ஆகிய இரு மருத்துவர்கள் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினர். இறந்த குழந்தையைப் பெற்றெடுத்த அவருக்கு, ஓ பிரிவைச் சேர்ந்த கணவரின் ரத்தம் ஏற்றப்பட்டது. தொகுதி பொருந்தியும் கடும் எதிர்விளைவு ஏற்பட்டது. தந்தையிடமிருந்து சிசுவுக்கு வந்த ஏதோ ஓர் அடையாளத்துக்குத் தாயின் உடல் முன்பே எதிர்ப்புக் காட்டியிருக்க வேண்டும் என அவர்கள் ஊகித்தனர். ஊகம் சரியானது. கருவுறும் வயதில் உள்ள பெண்ணுக்குக் கணவரின் ரத்தத்தை ஏற்றலாகாது என்ற விதி இதிலிருந்தே பிறந்தது. அவசரத்தில் "நான் இருக்கிறேன், என் ரத்தத்தை எடுங்கள்" என்று கணவர் முன்வரும் காட்சியைத் திரைப்படங்கள் இன்றும் விடுவதாக இல்லை.

டி காரணியை உருவாக்கும் மரபணுவும், சி, இ வகைகளை உருவாக்கும் மரபணுவும் முதலாம் குரோமோசோமில் அருகருகே உள்ளன. ஐரோப்பியர்களில் 'நெகட்டிவ்' என்போரிடம் முதல் மரபணு முழுவதுமாகவே காணப்படுவதில்லை. முற்கூறிய எய்ம்ஸ் நிகழ்வு இதன் மறுபுறம்: டி உண்டு; இரண்டாம் மரபணு தர வேண்டிய நான்கு அடையாளங்களில் ஒன்றுகூட இல்லை. அத்தகையவரின் உடல் எதிர்ப்பொருளை உருவாக்கிவிட்டால், ஊரில் உள்ள பாசிடிவ் ரத்தமும் ஆகாது, நெகட்டிவ் ரத்தமும் ஆகாது.

பிரிட்டனைவிடப் பெரிய சிறுபான்மை

டி இல்லாதோரின் விகிதம் மக்களுக்கு மக்கள் வேறுபடுகிறது. ஐரோப்பியர்களில் நூற்றுக்குச் சுமார் 15 பேர். ஸ்பெயின், பிரான்ஸ் எல்லையில் வாழும் பாஸ்க் இனத்தவரில் ஏறத்தாழ மூவரில் ஒருவர். சீனா, ஜப்பானில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இந்தியாவில் பொதுவாக நூற்றுக்கு ஐந்து அல்லது ஆறு பேர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கொடையாளர்களைப் பற்றி 2001-இல் வெளியான ஆய்வில் இது 5.5 சதவீதமாக இருந்தது. தில்லியிலும் ஏறத்தாழ இதே அளவுதான். வடகிழக்கின் பல பழங்குடிச் சமூகங்களில் மிகக் குறைவு. சமவெளியிலிருந்து அங்கு பணிக்குச் செல்லும் நெகட்டிவ் ரத்தம் உடைய ஒருவருக்கு, உள்ளூர்க் கொடையாளரை நம்பியிருப்பது உகந்ததல்ல.

ஐந்து சதவீதம் என்பது காதுக்குச் சிறியதாக ஒலிக்கிறது. 140 கோடியில் அது ஏழு கோடிக்கும் மேல். பிரிட்டனின் மொத்த மக்கள்தொகையைக் காட்டிலும் அதிகம். இவர்களுக்கு இரண்டு இடர்ப்பாடுகள். முதலாவது, ரத்தம் கிடைப்பது அரிது. ஓ நெகட்டிவ் உடையோர் இந்தியாவில் நூற்றுக்கு இருவர் அளவிலேயே உள்ளனர். ஏபி நெகட்டிவ் அதனினும் குறைவு. ஐரோப்பிய, அமெரிக்க நூல்களைப் பின்பற்றி, தொகுதி தெரியாத ஒவ்வொரு விபத்து நோயாளிக்கும் ஓ நெகட்டிவ் தேடினால், பிரசவ அறையில் அதற்காகக் காத்திருக்கும் பெண்ணுக்கு எஞ்சியிருக்காது. ஆகவேதான் ஆண்களுக்கும் பிள்ளைப்பேற்று வயதைக் கடந்த பெண்களுக்கும், உயிர் காக்கும் அவசரத்தில் ஓ பாசிடிவ் அளிக்கலாம் என்ற நெறியைப் பல மருத்துவமனைகள் கடைப்பிடிக்கின்றன. இதைக் கேட்டு உறவினர் பதறுவது இயல்பே. ஆனால் அது அலட்சியத்தால் எடுக்கப்படும் முடிவன்று.

இரண்டாவது இடர்ப்பாடு பெண்களுக்கு மட்டும் உரியது. ஐரோப்பாவில் டி இல்லாத பெண்ணுக்கு டி உள்ள கணவர் அமையும் வாய்ப்பு 85 சதவீதம். இந்தியாவில் அது ஏறத்தாழ 95 சதவீதம். பத்துப் பொருத்தம் பார்ப்போர் இதையும் பார்க்கத் தொடங்கிவிட்டதாகக் கேள்வி, அது தேவையற்றது. இதற்கு மருந்து இருக்கிறது.

நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 2.3 கோடிக் குழந்தைகள் பிறக்கின்றன. மேற்கண்ட விகிதத்தின்படி கணக்கிட்டால், அவற்றில் ஏறத்தாழ 12 லட்சம் பிரசவங்களில் தாய் நெகட்டிவாக இருப்பார். அவற்றுள் முக்கால் பங்கில் குழந்தை பாசிடிவாக இருக்கும். முதல் பிரசவத்தில் பொதுவாகச் சிக்கல் இராது. அப்போது குழந்தையின் அணுக்கள் தாயின் ரத்தத்தில் கலந்து, எதிர்ப்பொருள் உருவாகிவிட்டால், அடுத்தடுத்த குழந்தைகள் பாதிக்கப்படும். ரத்தசோகை, கடும் மஞ்சள்காமாலை, மூளைப் பாதிப்பு, கருவிலேயே மரணம் என அதன் படிநிலைகள் கொடியவை. தடுப்பு இல்லையெனில் ஏறத்தாழ ஆறில் ஒரு பெண்ணுக்கு இந்த எதிர்ப்பொருள் உருவாகும்.

1960-களில் நியூயார்க்கிலும் இங்கிலாந்தின் லிவர்பூலிலும் தனித்தனியே ஆராய்ந்த குழுக்கள் இதற்குத் தீர்வு கண்டன. லிவர்பூல் குழுவின் தலைவர் சிரில் கிளார்க், வண்ணத்துப்பூச்சிகளின் மரபியலில் தோய்ந்தவர் என்பது சுவையான செய்தி. 1968 முதல் 'ஆன்டி-டி' ஊசி பயன்பாட்டுக்கு வந்தது. பிரசவமான 72 மணி நேரத்துக்குள் இதைச் செலுத்தினால் ஆறில் ஒன்று என்ற அபாயம் நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே இறங்குகிறது. கர்ப்பத்தின் 28-ஆவது வாரத்திலும் ஒரு முறை செலுத்தினால் இன்னும் பல மடங்கு குறைகிறது. இந்திய அரசின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இவ்வூசி உள்ளது. அரசு மருத்துவமனையில் பிரசவிக்கும் தாய்க்கு மருந்தும் ரத்தமும் கட்டணமின்றி வழங்கும் ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் 2011-இல் தொடங்கப்பட்டது.

காகிதத்தில் எல்லாம் சரியாகவே உள்ளது. தவறு நேரும் இடம் கருக்கலைப்பும் கருச்சிதைவும் ஆகும். அவற்றுக்குப் பின்பும் இந்த ஊசி தேவைப்படலாம். ஆனால் வீட்டிலேயே நிகழ்ந்துவிடும் கருச்சிதைவுக்கு மருத்துவப் பதிவு ஏது? பிறர் அறியாமல் ஏதோ ஒரு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி உண்ணும் பெண்ணின் ரத்த வகையை யார் கேட்கிறார்கள்? "முதல் பிரசவம்" என்று மருத்துவமனைக் குறிப்பில் எழுதப்படும் பெண், உண்மையில் இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ கருவுற்றவராக இருக்கலாம். மருந்தின் விலையைவிட இந்த மௌனமே பெரிய தடை என்று தோன்றுகிறது.

கொடுக்கும்போது பாசிடிவ், பெறும்போது நெகட்டிவ்

மற்றொரு குழப்பமும் உண்டு. சிலரது அணுக்களில் டி மிகக் குறைந்த அளவிலோ, வடிவம் சற்று மாறியோ இருக்கும். இது 'வலுவற்ற டி' எனப்படும். சாதாரணச் சோதனையில் இவர்கள் நெகட்டிவ் எனத் தெரியலாம். 1945-இல் கூம்ப்ஸ் முதலானோர் உருவாக்கிய நுண்ணிய சோதனையில் பாசிடிவ் என வெளிப்படும். இவர்கள் ரத்தம் கொடுக்கும்போது அதை பாசிடிவ் எனக் குறிக்க வேண்டும். இல்லையேல் அதைப் பெறும் நெகட்டிவ் நோயாளியின் உடல் விழித்துக்கொள்ளும். இவர்களே நோயாளியாக வரும்போது, பாதுகாப்புக் கருதி நெகட்டிவ் ரத்தம் ஏற்றுவதே வழக்கம். ஒரே மனிதர் கொடைச் சான்றிதழில் பாசிடிவ், மருத்துவமனைப் படுக்கைச் சீட்டில் நெகட்டிவ்! இதைப் பார்த்துவிட்டு ஆய்வகத்தினர் தவறு செய்துவிட்டதாகச் சண்டையிடுவோர் உண்டு. இரண்டுமே சரியானவை.

அட்டையில் என்ன எழுதியிருந்தாலும், ரத்தம் ஏற்றுவதற்கு முன்பு நோயாளியின் மாதிரியை எடுத்துப் புதிதாகச் சோதிப்பதும், கொடையாளரின் ரத்தத்தோடு கலந்து பொருத்தம் பார்ப்பதும் கட்டாயம். பொருத்தம் பார்க்கும் சோதனை, ஏற்கெனவே உருவாகிவிட்ட எதிர்ப்பொருளைக் காட்டிக்கொடுக்கும். இனி உருவாகப் போவதை அது தடுக்காது. தலசீமியா நோய் உள்ள குழந்தைகளின் துயரம் இங்கேதான் தொடங்குகிறது.

இந்தியாவில் ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் அதிகமான குழந்தைகள் தலசீமியா மேஜர் நோயுடன் பிறப்பதாக மதிப்பிடப்படுகிறது. சிந்தி, பஞ்சாபி சமூகங்களில் இந்நோய்க்கான மரபணுவைச் சுமப்போர் அதிகம். பிரிவினையின்போது மேற்கிலிருந்து வந்து குடியேறிய லட்சக்கணக்கானோரின் சந்ததிகள் வாழும் தில்லியில், குழந்தைகள் மருத்துவமனைகளின் தலசீமியாப் பிரிவுகள் நிறைந்து வழிவதற்கு அதுவும் ஒரு காரணம். இக்குழந்தைகளுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். பதினைந்து வயதை எட்டும் ஒரு சிறுவனின் உடலில், இருநூறுக்கும் மேற்பட்ட முன்பின் அறியாத மனிதர்களின் ரத்தம் ஓடியிருக்கும்.

ஒவ்வொரு முறையும் ஏ, பி, ஓ தொகுதியும் டி-யும் பொருத்தப்படுகின்றன. மற்ற நான்கு எழுத்துகள் விதியின் வசம். சிறுவனின் அணுக்களில் இல்லாத சிறிய சி அல்லது பெரிய இ புதிய ரத்தத்தில் இருந்தால், அவன் உடல் என்றேனும் ஒருநாள் அதை அந்நியமெனக் கண்டு எதிர்ப்பொருளை உருவாக்கலாம். அதன்பின் அவனுக்கு ரத்தம் தேடுவது கடினமாகும். கண்டுபிடிக்கத் தவறினால், ஏற்றிய ரத்தம் உடலுக்குள் அழியும். ஹீமோகுளோபின் ஏறாது. "போன வாரம்தானே ஏற்றினோம், அதற்குள் ஏன் முகம் வெளுத்துவிட்டது?" என்று தாய் கேட்பதே பல வேளைகளில் முதல் அறிகுறி. வட இந்திய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வுகளில் இத்தகைய சிறாரில் நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பேர் வரை எதிர்ப்பொருள் உருவாகியிருந்தது. பெரிய இ-க்கு எதிரானதும், கெல் என்ற வேறொரு தொகுதிக்கு எதிரானதும் அவற்றில் முன்னணியில் நிற்கின்றன.

இந்தியர்களின் ரத்தத்தில் இந்த ஐந்து எழுத்துகள் எவ்வாறு பரவியுள்ளன? தில்லி இந்திரப்பிரஸ்தா அப்போலோ மருத்துவமனை மருத்துவர்கள் 3,073 கொடையாளர்களைச் சோதித்து 2013-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியிட்ட முடிவுகள் இவ்வகையில் பயனுள்ளவை. சிறிய இ 98 சதவீதத்தினரிடம், டி 93.6 சதவீதத்தினரிடம், பெரிய சி 87 சதவீதத்தினரிடம், சிறிய சி 58 சதவீதத்தினரிடம், பெரிய இ 20 சதவீதத்தினரிடம் இருந்தன. டி, பெரிய சி, சிறிய இ மூன்றும் இருந்து, சிறிய சி-யும் பெரிய இ-யும் இல்லாத வகையினரே அதிகம். அவர்கள் ஏறத்தாழ 44 சதவீதம். ஐரோப்பியர்களில் இவ்வகையினர் 20 சதவீதத்துக்கும் குறைவு.

இந்த எண்களிலிருந்து தெரிய வருவது இதுதான். இந்தியச் சிறுவன் ஒருவன் சிறிய சி இல்லாதவனாக இருப்பதற்கான வாய்ப்பு ஐந்தில் இரண்டு. அவனுக்கு ஏற்றப்படும் பைகளில் பாதிக்கு மேற்பட்டவை சிறிய சி-யைச் சுமந்து வரும். ஆகவே ஆபத்து ஐரோப்பாவைவிட இங்கு அதிகம். அதே வேளையில், அவனைப் போன்றே சிறிய சி-யும் பெரிய இ-யும் இல்லாத கொடையாளர் ஏறத்தாழ இருவரில் ஒருவர். ஆகவே பொருத்தமான ரத்தத்தை எடுத்து வைப்பது ஐரோப்பாவைவிட இங்கு எளிது. அரிய ரத்தத்தைத் தேடி அலையும் கதை அன்று இது. குளிர்பெட்டியில் ஏற்கெனவே இருக்கும் பைகளில் எது யாருக்கு என்று பிரித்து வைக்கும் வேலை மட்டுமே.

இன்னொரு நம்பிக்கையையும் இந்த எண்கள் அசைக்கின்றன. நெகட்டிவ் ரத்தம் எல்லோருக்கும் தீங்கற்றது என்று கருதி, பாசிடிவ் கிடைக்காத வேளையில் பாசிடிவ் நோயாளிக்கு நெகட்டிவ் ஏற்றுவதுண்டு. டி-யைப் பொறுத்தவரை அதில் பிழையில்லை. ஆனால் நெகட்டிவ் கொடையாளர்களில் அநேகமாக அனைவரிடமும் சிறிய சி இருக்கும். மேற்சொன்ன சிறுவனுக்கு அதை ஏற்றினால், அரிதான நெகட்டிவ் பை ஒன்று வீணாவதோடு, அவன் உடலுக்கு அந்நியமான அடையாளமும் உள்ளே செல்லும்.

தலசீமியா நோயாளிகளுக்கு முதல் ரத்தம் ஏற்றும் முன்பே இந்த ஐந்து எழுத்துகளையும் கெல் தொகுதியையும் சோதித்துவிட வேண்டும், அவற்றுக்குப் பொருந்தும் ரத்தமே ஏற்ற வேண்டும் என்பது சர்வதேச தலசீமியா கூட்டமைப்பின் பரிந்துரை. ரத்தம் ஏற்றத் தொடங்கிய பின் சோதித்தால், உடலில் ஓடுவது யாருடைய அணு என்ற குழப்பத்தில் எளிய சோதனை பயனற்றுப் போகும். மரபணுச் சோதனையை நாட வேண்டும். ஒரு குழந்தைக்கு வாழ்நாளில் ஒரே ஒருமுறை, முதல் ஊசி ஏறுமுன், சில துளி ரத்தம் போதும். பெரிய மருத்துவமனைகள் சில இதைச் செய்கின்றன. மாவட்ட மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள்.

பழங்குடிப் பகுதிகளில் அரிவாளணுச் சோகை நோயாளிகளுக்கும் இது பொருந்தும். இந்தியாவில் அந்நோய்க்கான மரபணு முதன்முதலாகப் பதிவானது நீலகிரிப் பழங்குடியினரிடையே என்பதைத் தமிழக வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. 1952-இல் லேமனும், மேரி கட்புஷ் என்ற ரத்தத் தொகுதி நிபுணரும் அதை அறிவித்தனர். அதே ஆண்டில்தான் மும்பையில் பெண்டே தலைமையிலான குழு 'பம்பாய் ரத்த வகை'யைக் கண்டறிந்தது. 2023 ஜூலை 1-ஆம் தேதி மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கப்பட்ட தேசிய அரிவாளணுச் சோகை ஒழிப்பு இயக்கம் ஏழு கோடிப் பேரைச் சோதிக்க இலக்கு வைத்துள்ளது. நோயைக் கண்டறிய எடுக்கும் அதே குத்தலில், நோய் உறுதியானவர்களுக்கு ரீசஸ் எழுத்துகளையும் குறித்துவிடலாம்.

தொற்றைத் தேடும் சட்டம்

ரத்தப் பாதுகாப்பு குறித்து அரசு ஒன்றும் செய்யவில்லை எனக் கூறுவது நியாயமாகாது. 'காமன் காஸ்' அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஜனவரி 4-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே தேசிய ரத்த மாற்றுக் கவுன்சில் உருவாகக் காரணம். 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் விற்போரிடம் ரத்தம் எடுப்பது தடை செய்யப்பட்டது. 2002-இல் தேசிய ரத்தக் கொள்கை வெளியிடப்பட்டது. ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் ஒவ்வொரு பையும் சோதிக்கப்பட வேண்டும் என்பது சட்டம்.

இச்சட்டமும் பலமுறை தோற்றிருக்கிறது. 2011-இல் குஜராத்தின் ஜுனாகத்திலும், 2025 அக்டோபரில் ஜார்க்கண்டின் சாய்பாசாவிலும் தலசீமியா சிறார்களுக்கு ஹெச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரிய வந்தபோது நாடு அதிர்ந்தது. அதிர வேண்டியதுதான். ஆனால் பொருந்தாத ரீசஸ் அடையாளத்தால் மெல்ல மெல்ல வலுவிழக்கும் குழந்தைக்காக எந்த மாநிலச் சட்டப் பேரவையிலும் அமளி எழுவதில்லை. குற்றவாளி என்று சுட்ட ஒருவரும் இல்லாத துன்பம் அரசியலின் கண்ணில் படுவதில்லை.

பொறுப்பும் சிதறிக் கிடக்கிறது. ரத்தம் சட்டத்தின் பார்வையில் ஒரு மருந்து. மருந்துகள் பொதுப் பட்டியலில் உள்ளன. பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளன. உரிமம் வழங்குவது ஒரு துறை, நிதி அளிப்பது வேறொன்று, நோயாளியைப் பார்ப்பது மற்றொன்று. ரத்தம் ஏற்றுவதால் ஏற்படும் எதிர்விளைவுகளைத் தொகுக்கும் ஹீமோவிஜிலன்ஸ் திட்டத்தை நொய்டாவில் உள்ள தேசிய உயிரியல் பொருள்கள் நிறுவனம் 2012 டிசம்பரில் தொடங்கியது. மையங்கள் தாமாக முன்வந்து தகவல் அளிக்கும் ஏற்பாடு அது. நாட்டில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ரத்த மையங்கள் உள்ளன. 2016-இல் தொடங்கப்பட்ட இ-ரக்தகோஷ் இணையதளத்தில் எந்த மையத்தில் எந்தத் தொகுதி ரத்தம் இருக்கிறது எனப் பார்க்கலாம். வரவேற்கத்தக்க வசதி. அதில் இருப்பும் ஏ, பி, ஓ தொகுதியையும் டி-யையும் கொண்டே காட்டப்படுகிறது.

எதிர்ப்பொருளைத் தேடுவதற்கும் கருவி வேண்டும். அடையாளங்கள் தெரிந்த சிவப்பணுக்களைக் கொண்ட தொகுப்பே அக்கருவி. பல இந்திய மருத்துவமனைகள் இத்தொகுப்புகளை இறக்குமதி செய்கின்றன. விலை அதிகம்; சில வாரங்களில் காலாவதியாகும்; மேலை நாட்டுக் கொடையாளரின் அணுக்கள் இந்திய மக்களில் காணப்படும் எல்லா வேறுபாடுகளையும் பிரதிபலிப்பதில்லை. இந்தியக் கொடையாளர்களிடமிருந்தே இதைத் தயாரிக்க முடியும் என்பதில் ஐயமில்லை. அதற்கு முன்பு யார் யாரிடம் எந்த எழுத்துகள் உள்ளன என்ற கணக்கு வேண்டும்.

இந்தக் கணக்கெடுப்பில் ஒரு நுட்பமான சிக்கலும் இருக்கிறது. அகமண வழக்கம் நிலவும் நாட்டில் அரிய வகைகள் குறிப்பிட்ட சமூகங்களில் குவிவது இயற்கை. ஒரு நகரத்தின் சராசரியை எல்லோருக்கும் பொருத்த இயலாது. ஆனால் ரத்தத்தையும் சமூகத்தையும் சேர்த்துப் பேசியவர்களின் வரலாறு அவ்வளவு நல்லதல்ல. முதல் உலகப் போரின்போது சலோனிகாவில் ஹிர்ஷ்ஃபெல்ட் தம்பதியர் இந்தியர் உள்ளிட்ட பல நாட்டுப் படைவீரர்களின் ரத்தத்தைச் சோதித்து, இந்தியர்களிடம் பி தொகுதி மிகுந்திருப்பதை 1919-இல் வெளியிட்டனர்; அவ்வகை ஆய்வுகளின் மேல் இனவாதக் கோட்பாடுகளை எழுப்பியவர்களும் பின்னர் தோன்றினர். ரீசஸ் காரணியை வைத்து 1942-இல் ஜே.பி.எஸ். ஹால்டேன் வேறொன்றைச் சுட்டிக்காட்டினார். தாய்க்கும் சிசுவுக்கும் இடையே இந்தப் பொருத்தமின்மை நீடித்தால் சிறுபான்மை வகை காலப்போக்கில் அழிந்திருக்க வேண்டும். அழியவில்லை என்றால் இன்றைய ஐரோப்பியர்கள் பழைய காலத்தில் வெவ்வேறு மக்கள் கலந்ததால் உருவானவர்கள் என்பது அவரது வாதம். தூய இனம் பேசிய ஹிட்லரின் காலத்தில் எழுதப்பட்டது இது. அந்த ஹால்டேன் 1957-இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, 1964-இல் புவனேஸ்வரத்தில் காலமானார்.

மும்பை பரேலில் உள்ள தேசிய நோயெதிர்ப்புக் குருதியியல் நிறுவனம், 1957-இல் ரத்தத் தொகுதி மேற்கோள் மையமாகத் தொடங்கப்பட்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கீழ் இயங்கி வருகிறது. சிக்கலான மாதிரிகள் நாடெங்கிலுமிருந்து அங்குதான் செல்கின்றன. அரிய வகை ரத்தம் உடையோரின் பதிவேடு ஒன்றையும் அது உருவாக்கியுள்ளது. தொடர்ந்து ரத்தம் கொடுப்போரின் ஐந்து எழுத்துகளும் மையங்களில் குறிக்கப்படுமானால், இப்பதிவேடு தானாகவே வளரும். டி மட்டும் இருந்து மற்ற நான்கும் இல்லாத வகை, நெருங்கிய உறவில் மணம் செய்துகொண்ட பெற்றோரின் பிள்ளைகளிடையே கூடுதலாகத் தென்படுவது. அப்படி ஒரு நோயாளி வந்து சேர்ந்தால், ஜப்பானுக்கு எழுதும் முன்பு மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்பதாகும். அவர்கள் ஒவ்வொருவரிடமும் அதே ரத்தம் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு.